அரியணைக்கு அடுத்து யார்? பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் வாரிசு வரிசை

2022 செப்டம்பர் 8 பிற்பகல் 3:10 மணிக்கு, ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் ராணி இரண்டாம் எலிசபெத் காலமானார். செய்தி வெளியுலகத்துக்கு அறிவிக்கப்பட்டது மாலை 6:30 மணிக்கு. இடைப்பட்ட அந்த மூன்று மணி இருபது நிமிடமும் பிரிட்டனுக்கு மன்னர் இருந்தார். சார்லஸ் அரியணை ஏறிவிட்டார், மக்களுக்குத்தான் தெரியாது. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. தாயின் மூச்சு நின்ற கணத்திலேயே மகன் மன்னர்.

இரண்டு நாள் கழித்து செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் அரியணை ஏற்பு மன்றம் கூடி அவரை மன்னராகப் பிரகடனம் செய்தது. 2023 மே 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடிசூட்டு விழா நடந்தது. இரண்டுமே ஏற்கெனவே நடந்து முடிந்ததை ஊரறியச் சொல்லும் சடங்குகள். முடி சூடாமலேயே ஒருவர் முழு அதிகாரத்தோடு மன்னராக இருக்கலாம். எட்டாம் எட்வர்ட் 1936 ஜனவரி முதல் டிசம்பர் வரை மன்னராக இருந்தார். அவருக்கு முடிசூட்டு விழாவே நடக்கவில்லை.

ஒரு நொடிகூட இடைவெளி விழக் கூடாது என்றால், அடுத்தவர் யார் என்பது எந்த நேரத்திலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வாரிசு வரிசை இருக்கிறது. ஆனால் செய்திகளில் அந்த வரிசையைப் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. எலிசபெத்தின் ஒரே மகள் ஆன் 18ஆம் இடத்தில் நிற்கிறார். அவருடைய தம்பி ஆண்ட்ரூவின் சின்னஞ்சிறு பேத்திகள் 10ஆம், 11ஆம் இடங்களில் இருக்கிறார்கள். அரச கடமைகளை விட்டுவிட்டு அமெரிக்காவில் குடியேறிய ஹாரிக்கு ஐந்தாம் இடம் அப்படியே இருக்கிறது. மன்னரின் மனைவி கமிலாவின் பெயரையே காணோம்.

இதில் எதுவும் யாருடைய விருப்பு வெறுப்பாலும் நடந்தது அல்ல. விதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றைப் பிடித்துக்கொண்டால், பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. குடும்ப மரத்தை வைத்துக்கொண்டு நீங்களே எழுதிவிடலாம்.

ஒரு கிளை முடிந்த பிறகே அடுத்த கிளை

வரிசை தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். முதலில் பிள்ளைகள், அவர்கள் எல்லாரும் முடிந்ததும் பேரப்பிள்ளைகள், பிறகு கொள்ளுப்பேரர்கள் என்று. அப்படி அல்ல. முதல் கிளையை எடுத்துக்கொண்டு, அதன் கடைசித் தளிர் வரைக்கும் போய்த் திரும்பிய பிறகே இரண்டாவது கிளையைத் தொட வேண்டும். இந்த ஒரு விதி மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மன்னர் மூன்றாம் சார்லஸிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். மூத்த மகன் வில்லியமுக்கு முதலிடம். இரண்டாமிடம் தம்பி ஹாரிக்கு அல்ல, வில்லியமின் மூத்த மகன் ஜார்ஜுக்கு. ஜார்ஜுக்குப் பிள்ளைகள் இல்லாததால் அடுத்து அவருடைய தங்கை சார்லட், அதற்கடுத்து தம்பி லூயி. வில்லியமின் கிளை இத்தோடு முடிகிறது. இனிதான் அந்த மூன்று பிள்ளைகளின் சித்தப்பா ஹாரியின் முறை வருகிறது. அவர் ஐந்தாவது, மகன் ஆர்ச்சி ஆறாவது, மகள் லிலிபெட் ஏழாவது.

சார்லஸின் வழி முழுவதும் தீர்ந்தது. இனி அவருடைய உடன்பிறந்தவர்கள். தம்பி ஆண்ட்ரூ எட்டாவது. அவருடைய மகள்கள் பியாட்ரிஸ், யூஜெனி, அவ்விருவரின் குழந்தைகள் என 14 வரை போகிறது. கடைசித் தம்பி எட்வர்டுக்கு 15, அவருடைய மகன் ஜேம்ஸுக்கு 16, மகள் லூயிஸுக்கு 17. எல்லாரும் முடிந்த பிறகு தங்கை ஆன். அவருக்குப் பின்னால் மகன் பீட்டர், பீட்டரின் பிள்ளைகள், பிறகு மகள் சாரா, சாராவின் பிள்ளைகள். எலிசபெத்தின் வாரிசுகள் அனைவரும் முடிந்ததும் வரிசை அவருடைய தங்கை மார்கரெட்டின் பிள்ளைகளுக்குத் தாவும். பிறகு இன்னும் மேலே ஏறி, எலிசபெத்தின் சித்தப்பாக்களின் வழிக்குப் போகும். (இங்கே சொன்ன இடங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி. ஒரு குழந்தை பிறந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.)

முன்னால் இருப்பவருக்குக் குழந்தை பிறக்கப் பிறக்க, பின்னால் நிற்பவர் மேலும் பின்னுக்குப் போவார். அரச குடும்பத்தில் இரண்டாவதாகப் பிறப்பவர்களின் வாழ்க்கையை இந்த ஒரு கணக்கு எவ்வளவு தூரம் மாற்றுகிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். 1936-இல் தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னரானபோது மார்கரெட் இரண்டாமிடத்தில் இருந்தார். நாளை அக்காவுக்கு ஏதாவது ஆனால் நாடு இவருடையது என்கிற நிலை. அக்காவுக்குப் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் எனக் குடும்பம் பெருகியது. 2002-இல் இறந்தபோது மார்கரெட் 11ஆம் இடத்தில் இருந்தார். 1960-இல் பிறந்த அன்று ஆண்ட்ரூ இரண்டாவது. 1982-இல் வில்லியம் பிறந்ததும் மூன்றாவது. பிறகு சறுக்கிச் சறுக்கி எட்டாவது. ஹாரி பிறந்தபோது மூன்றாவது. அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு, சார்லஸ் வரிசையிலிருந்து அரியணைக்கு நகர்ந்தும்கூட, ஐந்தாவது.

இறந்தவரின் இடம் எங்கே போகும்?

வாரிசாக இருப்பவர், அரியணை ஏறுவதற்கு முன்பே இறந்துவிட்டால்? அவருடைய இடம் தம்பிக்குப் போகாது. பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கே போகும். வரலாற்றில் இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. இரண்டாம் ஜார்ஜ் மன்னராக இருந்தபோது அவருடைய மூத்த மகன் பிரெடரிக் 1751-இல் இறந்துபோனார். மன்னரின் இன்னொரு மகன், கம்பர்லாந்து டியூக் வில்லியம், போர்க்களம் கண்ட தளபதி, உயிரோடு இருந்தார். ஆனாலும் 1760-இல் மன்னர் இறந்ததும் அரியணை ஏறியது பிரெடரிக்கின் 22 வயது மகன், மூன்றாம் ஜார்ஜ். சித்தப்பாவின் அனுபவம் கணக்கில் வரவே இல்லை. மூத்த கிளையில் ஓர் இலை இருக்கும்வரை இளைய கிளைக்கு வழி கிடையாது.

திருமணத்தால் வரிசையில் யாருக்கும் இடம் கிடைக்காது. கமிலா மன்னரின் மனைவி என்ற முறையில்தான் ராணி. சார்லஸுக்குப் பிறகு அவர் ஆட்சிக்கு வர மாட்டார். வில்லியமின் மனைவி கேத்தரினுக்கும் இதுவே. எலிசபெத்தின் கணவர் பிலிப்பை எடுத்துக்கொண்டால் விஷயம் சுவாரசியமாகிறது. கணவர் என்பதால் அவருக்கு வரிசையில் இடமில்லை. ஆனால் அவரும் எலிசபெத்தைப் போலவே விக்டோரியா ராணியின் எள்ளுப்பேரன். எலிசபெத் விக்டோரியாவின் மூத்த மகன் ஏழாம் எட்வர்டின் வழி, பிலிப் விக்டோரியாவின் மகள் ஆலிஸின் வழி. அதனால் மிகத் தொலைவில் எங்கோ ஓர் இடம் அவருக்கும் சொந்த ரத்தத்தால் இருந்தது. மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கும் தத்தெடுத்த குழந்தைக்கும் இடம் இல்லை. பெற்றோர் பிற்பாடு மணந்துகொண்டாலும் அது மாறாது. இன்றைய காலத்துக்கு இது ஒட்டாத விதி. ஆனாலும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஆன் ஏன் 18ஆம் இடத்தில்?

இப்போது பெண்களின் கதைக்கு வருவோம். பல நூற்றாண்டுகளாக பிரிட்டனில் இருந்த விதி, மகன்கள் முதலில், பிறகே மகள்கள். அக்கா எத்தனை வயது மூத்தவராக இருந்தாலும் தம்பி பிறந்ததும் அவர் முன்னால் போய் நிற்பார். மகன் இல்லாத இடத்தில் மகளுக்கு உரிமை உண்டு. அதனால்தான் முதலாம் எலிசபெத், ஆன் ராணி, விக்டோரியா, இரண்டாம் எலிசபெத் போன்றவர்கள் ஆள முடிந்தது.

இளவரசி ஆன் 1950 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தார். 1952 பிப்ரவரியில் தாய் அரியணை ஏறியபோது, அண்ணன் சார்லஸுக்கு அடுத்தபடியாக அவர் இரண்டாமிடத்தில் இருந்தார். 1960-இல் தம்பி ஆண்ட்ரூ பிறந்தார், ஆன் மூன்றாமிடம். 1964-இல் இன்னொரு தம்பி எட்வர்ட் பிறந்தார், நான்காமிடம். அதன் பிறகு அண்ணனுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் பிறந்த ஒவ்வொரு குழந்தையும், அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த குழந்தைகளும் அவரை ஒவ்வொரு படியாகக் கீழே தள்ளியிருக்கிறார்கள். அரச குடும்பத்தில் பல்லாண்டுகளாக மிக அதிகமாக உழைப்பவர்களில் ஒருவர் என்று பேர் எடுத்தவர் அவர். ஆனால் உழைப்புக்கும் வரிசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த விதியை மாற்ற 2011 அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. எலிசபெத்தை அரசியாகக் கொண்டிருந்த 16 நாடுகளின் தலைவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். ஒரே நபர் பல நாடுகளுக்கு அரசர் என்பதால், பிரிட்டன் மட்டும் விதியை மாற்றினால் ஒரு நாள் பிரிட்டனுக்கு ஒருவரும் கனடாவுக்கு இன்னொருவரும் அரசராகிவிடும் ஆபத்து இருந்தது. அதனால் எல்லாரும் சேர்ந்தே நகர வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2013-இல் அரியணை வாரிசுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் மற்ற நாடுகளின் வேலை முடியும்வரை அது அமலுக்கு வரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கடைசியில் 2015 மார்ச் 26 அன்று எல்லா இடங்களிலும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தது. இன்று அந்த நாடுகள் 15. பார்படோஸ் 2021 நவம்பரில் குடியரசாகிவிட்டது.

புதிய விதி எளியது. பிறந்த வரிசைதான் வரிசை. ஆணா பெண்ணா என்பது பொருட்டில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பெர்த் உடன்பாட்டு நாளான 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கே அது பொருந்தும். அதற்கு முன் பிறந்தவர்களின் இடத்தைத் தொடவில்லை.

இந்த ஒரு தேதி இரண்டு சிறுமிகளின் இடத்தை எப்படிப் பிரித்துவிட்டது பாருங்கள். எட்வர்டின் மகள் லூயிஸ் 2003 நவம்பரில் பிறந்தவர். தம்பி ஜேம்ஸ் 2007 டிசம்பரில். பழைய விதி அவர்களுக்குப் பொருந்துவதால் தம்பி 16, அக்கா 17. வில்லியமின் மகள் சார்லட் பிறந்தது 2015 மே 2, புதிய சட்டம் அமலுக்கு வந்து ஐந்து வாரம் கழித்து. 2018 ஏப்ரலில் தம்பி லூயி பிறந்தபோது சார்லட் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் தம்பி பிறந்தும் இடத்தை இழக்காமல் நின்ற முதல் இளவரசி அவர்தான். செய்தியைப் பார்த்த பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பெரிய மாற்றங்கள் சில நேரம் இப்படித்தான் ஓசையில்லாமல் வந்துவிடுகின்றன.

சட்டத்துக்குப் பின்தேதியிட்டிருந்தால் ஆன் இன்று எட்டாம் இடத்தில் இருந்திருப்பார். அப்படிச் செய்த நாடும் உண்டு. ஸ்வீடனில் 1979 மே மாதம் பிறந்த கார்ல் பிலிப் பட்டத்து இளவரசராக இருந்தார். 1980 ஜனவரி 1 அன்று புதிய சட்டம் வந்தது. ஏழு மாதக் குழந்தையிடமிருந்து அந்த இடம் அவருடைய அக்கா விக்டோரியாவுக்குப் போனது. நார்வே 1990-இல் விதியை மாற்றியது, ஆனால் ஏற்கெனவே பிறந்திருந்த ஹாகோனின் இடத்தைத் தொடவில்லை. அதனால் அக்கா மார்த்தா லூயிஸை முந்திக்கொண்டு தம்பிதான் வாரிசு. ஜப்பானில் இன்றும் பெண்களுக்கு வழியே இல்லை. பேரரசர் நருஹிட்டோவின் ஒரே மகள் ஐக்கோவால் அரியணை ஏற முடியாது. வாரிசு வரிசையில் முதலில் இருப்பவர் அவருடைய சித்தப்பா. எனக்குச் சரியென்று படுவது ஸ்வீடன் வழிதான். ஒரு விதி தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்தத் தவறால் பின்னுக்குப் போனவர்களை அங்கேயே விட்டுவிடுவது பாதி நியாயம்தான்.

பிறக்காத குழந்தைக்கும் இடம்

வாரிசுகளில் இரண்டு வகை உண்டு. வில்லியம் உறுதியான வாரிசு. அவர் உயிரோடு இருக்கும்வரை, இனி யார் பிறந்தாலும் அவரைத் தாண்டி முன்னால் வர முடியாது. இரண்டாவது வகை, இப்போதைக்கு முதலில் இருப்பவர். ஆனால் நாளை ஒரு குழந்தை பிறந்தால் இடம் மாறிவிடலாம். 1936 முதல் 1952 வரை எலிசபெத் இந்த இரண்டாவது வகையாகவே இருந்தார். பெற்றோருக்கு ஒரு மகன் பிறந்தால் அவனே வாரிசு. கடைசி நாள் வரை சட்டம் அந்த வாய்ப்பைத் திறந்தே வைத்திருந்தது. அதனால் வாரிசுக்கு வழக்கமாகத் தரப்படும் வேல்ஸ் பட்டம் அவருக்குத் தரப்படவே இல்லை.

இந்தத் தர்க்கத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதற்கு 1837-இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 20 அன்று நான்காம் வில்லியம் இறந்தார். உயிரோடு இருக்கும் முறையான பிள்ளைகள் அவருக்கு இல்லை. தம்பி மகள் விக்டோரியா, 18 வயது, அரியணை ஏறினார். ஆனால் அவரை ராணியாக அறிவித்த பிரகடனத்திலேயே ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது: மறைந்த மன்னருக்கு அவருடைய மனைவி அடலெய்டு வழியாக இனிக் குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தையின் உரிமைக்குப் பாதகம் இல்லாமல் என்று. விதவை ராணி ஒருவேளை கருவுற்றிருந்தால், பிறக்கும் குழந்தைக்காக விக்டோரியா அரியணையை விட்டு இறங்க வேண்டியிருந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. வில்லியம் பிரிட்டனோடு ஜெர்மனியின் ஹானோவர் நாட்டுக்கும் மன்னர். 123 ஆண்டுகளாக இரண்டு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. ஆனால் ஹானோவரின் வாரிசு விதி வேறு. ஆண் வழியில் ஓர் ஆண் இருக்கும்வரை பெண்ணுக்கு அங்கே இடமில்லை. அதனால் பிரிட்டன் விக்டோரியாவுக்கும், ஹானோவர் அவருடைய சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்கும் போயின. ஒரே குடும்பம், ஒரே மரணம். விதி வேறாக இருந்ததால் இரண்டு நாடுகள் பிரிந்தன. பெர்த்தில் 16 நாடுகளும் ஒன்றாக நகர வேண்டும் என்று கவனமாக இருந்ததன் காரணம் இங்கே விளங்கும்.

ரத்தம் போதுமா? போதாது

இதுவரை சொன்னதைக் கேட்டால், எல்லாம் பிறப்பால் தீர்மானமாகிறது என்றே தோன்றும். உண்மையில் அரியணை யாருக்கு என்று தீர்மானிப்பது நாடாளுமன்றச் சட்டம். பிறப்பு அந்தச் சட்டம் வைத்த வாசலுக்குள் நுழைவதற்கான தகுதிகளில் ஒன்று, அவ்வளவே. தொடக்கத்தில் இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் பிற்பாடு பல இடங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

வேர் 1701-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் 1688-இல் நாட்டைவிட்டு ஓட நேர்ந்த பிறகு, கத்தோலிக்கர் யாரும் இனி ஆளக் கூடாது என்று நாடாளுமன்றம் முடிவு செய்தது. ஜேம்ஸின் மகளும் பின்னாளில் ராணியானவருமான ஆனின் பிள்ளைகளில் பிழைத்திருந்த ஒரே மகனும் 1700-இல் 11 வயதில் இறந்துவிட்டான். ரத்த முறையில் பார்த்தால் உரிமை ஜேம்ஸின் இரண்டாவது மனைவிக்குப் பிறந்த மகனுக்கு, அதாவது ஆனின் தம்பி முறைக்கு. அவர் கத்தோலிக்கர். அவரையும், அவருக்குப் பின்னால் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க உறவினர்களையும் தாண்டிச் சென்று, முதலாம் ஜேம்ஸின் பேத்தியான ஹானோவரின் சோபியாவைச் சட்டம் தேர்ந்தெடுத்தது. சோபியாவின் வழி வந்த புராட்டஸ்டண்டுகளே இனி வாரிசுகள் என்றது. அரியணையை மயிரிழையில் தவறவிட்டவர் சோபியா. 1714 ஜூன் 8 அன்று அவர் இறந்தார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஆன் ராணியும் இறந்தார். சோபியாவின் மகன் முதலாம் ஜார்ஜ் மன்னரானார். இன்றைய வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரும் சோபியாவின் வழித்தோன்றல்களே.

கத்தோலிக்கர் அரசராக முடியாது என்ற விதி இன்றும் இருக்கிறது. இங்கிலாந்து திருச்சபையின் தலைமை மன்னரிடம் இருப்பதால் அதை எடுக்கவில்லை. கத்தோலிக்கரை மணப்பவருக்கு இருந்த தடையை மட்டும் 2013 சட்டம் நீக்கியது. எலிசபெத்தின் சித்தப்பா மகனான கென்ட் இளவரசர் மைக்கேல் 1978-இல் கத்தோலிக்கப் பெண்ணை மணந்து வரிசையில் தன் இடத்தை இழந்தார். 2015-இல் அந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அவருடைய அண்ணன் கென்ட் டியூக்கின் மனைவி 1994-இல் கத்தோலிக்கரானார். ஆனால் திருமணத்தின்போது ஆங்கிலிக்கனாக, அதாவது இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்தவராக, இருந்ததால் டியூக்கின் இடத்துக்கு எதுவும் ஆகவில்லை. சட்டம் பார்த்தது மணநாளை மட்டுமே.

திருமணத்துக்கு அனுமதி பெறும் விதியும் தளர்ந்தது. 1772-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாம் ஜார்ஜின் வழி வந்த ஏறக்குறைய எல்லாருக்கும் மன்னரின் ஒப்புதல் தேவைப்பட்டது. இப்போது வரிசையின் முதல் ஆறு பேருக்கு மட்டும். ஒப்புதல் இல்லாமல் மணந்தால் திருமணம் செல்லும்; ஆனால் அவருக்கும் அந்தத் திருமணத்தின் வழி வரும் பிள்ளைகளுக்கும் வரிசையில் இடம் போய்விடும்.

வேண்டாம் என்றாலும் சட்டம் வேண்டும்

எட்டாம் எட்வர்ட் அரியணையைத் துறந்த கதையைக் காதல் கதையாகவே பெரும்பாலும் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1936 டிசம்பர் 10 அன்று, மூன்று தம்பிகளைச் சாட்சியாக வைத்து, துறவுப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தால் மட்டும் அவர் மன்னர் பதவியிலிருந்து விலகிவிடவில்லை. மறுநாள் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, அதற்கு அவரே மன்னராக ஒப்புதல் அளித்த பிறகுதான் துறவு செல்லுபடியானது. அவருக்கு இனிப் பிள்ளைகள் பிறந்தாலும் அவர்களுக்கு உரிமை இல்லை என்பதையும் அந்தச் சட்டமே எழுதிவைத்தது. தம்பி ஆறாம் ஜார்ஜ் மன்னர். பத்து வயது எலிசபெத் அடுத்த இடத்தில். பெரியப்பா விலகியதால் வந்த இடம் அது.

அயர்லாந்து சுதந்திர அரசு தன் சட்டத்தை ஒரு நாள் தள்ளி, டிசம்பர் 12 அன்று நிறைவேற்றியது. அதனால் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னராகிவிட்ட பிறகும் டப்ளினில் ஒரு நாள் எட்வர்டே மன்னர். மன்னர் யார் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

பட்டம் வேறு, இடம் வேறு

செய்திகளில் அதிகம் குழப்பப்படுவது இதுதான். இளவரசர், இளவரசி, டியூக் போன்ற பட்டங்கள் மன்னர் தருபவை. இளவரசர், இளவரசி பட்டங்களை அவரே எடுக்கவும் முடியும். வரிசையில் இடம் சட்டம் தருவது. ஆனின் மகன் பீட்டருக்குப் பட்டம் எதுவும் இல்லை. 19ஆம் இடம் இருக்கிறது. 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் வகுத்த விதிப்படி இளவரசர் பட்டம் பொதுவாக மன்னரின் பிள்ளைகளுக்கும், மகன்கள் வழிப் பேரப்பிள்ளைகளுக்கும்தான். மகள் வழிப் பேரர்களுக்கு இல்லை. ஆர்ச்சி பிறந்தபோது மன்னரின் கொள்ளுப்பேரன் என்பதால் அவருக்கு அந்தப் பட்டம் இல்லை. பாட்டனார் சார்லஸ் அரியணை ஏறியதும் மகன் வழிப் பேரனாகி, அந்த உரிமை வந்துவிட்டது. இந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அவர் வரிசையில் தகப்பனுக்கு அடுத்தே இருந்தார்.

எதிர்த் திசையில் ஆண்ட்ரூ. 2025 அக்டோபரில் அவருடைய பட்டங்களை நீக்கும் நடவடிக்கையை அரண்மனை அறிவித்தது. இளவரசர் என்ற அடைமொழியும் போயிற்று. எட்டாம் இடம் மட்டும் அசையவில்லை. மன்னர் நினைத்தாலும் அதை எடுக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும், மற்ற நாடுகளின் இசைவும் வேண்டும்.

இடம் வெறும் எண் அல்ல என்பதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. மன்னர் நோயுற்றாலோ வெளிநாடு சென்றாலோ, அவருக்காகக் கையெழுத்திடச் சிலர் நியமிக்கப்படுகிறார்கள். சட்டப்படி மன்னரின் துணைவரும், வரிசையில் உரிய வயது நிரம்பிய முதல் நால்வரும் அந்தத் தகுதி பெறுவார்கள். சார்லஸ் மன்னரானபோது அந்த நால்வர் வில்லியம், ஹாரி, ஆண்ட்ரூ, பியாட்ரிஸ். ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் பொறுப்புகளிலிருந்து விலக்கப்பட்டவர், ஒருவர் அரச கடமை ஆற்றாதவர். 2022 டிசம்பரில் தனிச் சட்டம் இயற்றி, ஆன், எட்வர்ட் இருவரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னும் முடியாத வேலையும் ஒன்று இருக்கிறது. 1337-இல் மூன்றாம் எட்வர்ட் தன் மகனுக்காக உருவாக்கிய கார்ன்வால் டியூக் பட்டம், பெரும் நிலச்சொத்தின் வருமானத்தோடு, மன்னரின் மூத்த மகன் வாரிசாக இருந்தால் அவருக்குத் தானாகவே சேரும். சார்லஸ் மன்னரான கணமே அது வில்லியமுக்கு வந்தது. நாளை ஜார்ஜ் மன்னராகி, அவருடைய முதல் குழந்தை மகளாகப் பிறந்திருந்தால், அந்த மகளே உறுதியான வாரிசு. எத்தனை தம்பிகள் பிறந்தாலும் அவரை அசைக்க முடியாது. ஆனால் பழைய சாசனம் மகன் என்றே சொல்வதால் கார்ன்வால் பட்டம் அவருக்குச் சேராது. 2011-ஆம் ஆண்டின் அரசர் மானியச் சட்டம், டியூக்காக இல்லாத வாரிசுக்கு அந்த வருமானத்துக்கு ஈடான தொகையை வழங்க வழி செய்திருக்கிறது. பணத்துக்கு விடை கிடைத்துவிட்டது, பட்டத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.